ஓடைப் பக்கக் குழி

கில்லமோர் ஊரில் திங்கட்கிழமை சவக்குழி வெட்டமாட்டார்கள். வெட்டினால் அந்த வீட்டில் இன்னொரு உயிரும் போகும் என்பார்கள். வேறு வழியில்லை என்றால் ஞாயிறு சாயங்காலமே ஒரு கட்டி மண்ணைப் புரட்டிப் போட்டுவிட வேண்டும். அப்புறம் தோஷமில்லை.

அந்த ஞாயிறு சாயங்காலம் கொத்தனார் லோர்கன் அதைத்தான் செய்யப் போனார். அந்த ஊரில் குழி வெட்டுவதும் கொத்தனார் தலையில்தான். கொல்லன் பார்ட்லிக்குப் பாதிரியார் கடைசி எண்ணெய் பூசியாகிவிட்டது. விடியும்வரை தாங்காது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். வாரமெல்லாம் கல் தூக்கிய முதுகு லோர்கனுக்கு விண்விண் என்று தெறித்தது. வந்தது வந்தாயிற்று, நாளைய வேலையில் கொஞ்சம் மிச்சமாகட்டும் என்று கல்லறைத் தோட்டத்தில் ஓடைப் பக்கம் இளகின மண்ணில் முழங்கால் ஆழத்துக்கு வெட்டிவிட்டுப் போய்ப் படுத்தார்.

காலையில் பார்ட்லி எழுந்து உட்கார்ந்து டீ கேட்டார்.

மத்தியானத்துக்குள் ஊரே குழியை எட்டிப் பார்த்துவிட்டு வந்தது. லோர்கன் வெட்கத்தில் பட்டறைப் பக்கமே போகவில்லை. ஆனால் கில்லமோரில் ஒருவன் கையை நம்பித்தான் இன்னொருவன் அடுப்பு எரியும். அப்பன் பாட்டன் காலத்திலிருந்து அப்படித்தான். கொல்லன் முனை வைத்துத் தராவிட்டால் கொத்தனார் உளி வெறும் இரும்புதான். அவர் கட்டிக்கொண்டிருந்த பள்ளிக்கூடச் சுவர் பாதியில் நின்றது. அடுத்த ஊர்ப் பட்டறைக்கு அரைநாள் நடை. அதற்குக் காலில் தெம்பில்லை. சனிக்கிழமை உளிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு பார்ட்லி பட்டறைக்கே கிளம்பினார்.

வாசலிலேயே பார்ட்லியின் மனைவி ஹோனர் மறித்தாள்.

"வாங்கண்ணே. அளவெடுக்க வந்தீங்களா?"

"உளி மழுங்கிடுச்சு, ஹோனர்."

"மம்பட்டி மழுங்கலையே! மூச்சு ஓடுற மனுசனுக்குப் படுக்கை விரிச்சுட்டு, எந்த மூஞ்சியோட வந்தீங்க?"

லோர்கன் சாக்கைத் தோள் மாற்றிக்கொண்டார். எங்காவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

"விடுடி அவனை," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அணைந்த உலைக்குப் பக்கத்தில் கோட்டைப் போர்த்திக்கொண்டு பார்ட்லி பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார்.

"ஏண்டா, முழங்காலோட நிறுத்திட்ட?"

"அசதி."

"எனக்கும்தான். அன்னிக்கே போயிடலாம்னுதான் படுத்திருந்தேன். ஓடைப் பக்கம் வெட்டுறான்னு ஜெபத்துக்கு வந்தவங்க குசுகுசுத்தாங்க. அந்த ஈரத்துல எவன்டா படுப்பான்? எந்திரிச்சுட்டேன்."

"மேட்டுப் பக்கம் பூரா பாறைடா. என் முதுகு தாங்காது."

"உன் முதுகுக்காக நான் தண்ணியில ஊறணுமா?"

பார்ட்லி சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவேயில்லை. ஹோனர் ஓடிவந்து நெஞ்சைத் தடவினாள். அடங்கியதும் அவர் சாக்கைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"கொண்டா. துருத்தியும் நீயே ஊது, சம்மட்டியும் நீயே அடி. இடுக்கியை மட்டும் நான் பிடிக்கிறேன்."

உலை கனன்றது. இரும்பின் நிறம் பார்த்து "அடி" என்பார் பார்ட்லி. லோர்கன் அடிப்பார். இரண்டு உளி முடிவதற்குள் இடுக்கி பிடித்த கை கிடுகிடுவென்று ஆடியது.

"போதும்டா," என்றார் லோர்கன். "சுவருக்கு இது போதும்."

"சுவருக்கு யாரு குடுத்தா? மேட்டுல என் குழியை வெட்டு."

"பாறைன்னு சொன்னேன்ல."

"அதான் முனை வச்சுக் குடுத்திருக்கேனே."

லோர்கன் சம்மட்டியைச் சாய்த்து வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தார்.

"இன்னிக்கு முடியாது."

"இன்னிக்குன்னு எவன் சொன்னான்?" என்று பார்ட்லி கண்ணை மூடிக்கொண்டார்.