ஜூன் முப்பத்தொன்றில் ஒப்படைத்த துப்பாக்கி

"ஜூன் 31. ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்று, தோள் வாருடன், நல்ல நிலையில் பெறப்பட்டது." காவல் நிலையப் பதிவேட்டில் இப்படித்தான் இருக்கிறது. தேதியில் சிறு பிழை உண்டு என்பதை எழுதியவரே ஒப்புக்கொள்கிறார். அந்தத் தேதியில் வாங்கி வைத்த துப்பாக்கிக்கு அன்று முதல் எடை இல்லாமல் போயிற்று. எடை மட்டும் அதன் சொந்தக்காரரான வங்கிக் காவலாளியின் இடது தோளில் தொற்றிக்கொண்டு, அவரோடு பேருந்தில் ஏறி, வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

பிழை நடந்த விதம் சாதாரணமானது. காவலாளியின் லைசென்ஸ் ஜூன் முப்பதோடு முடிந்தது. புதுப்பிக்க மனு கொடுத்திருந்தார். புதியது கைக்கு வரும்வரை துப்பாக்கியை நிலையத்தில் வைத்துவிட வேண்டும் என்பது சட்டம். அன்று மாலையே வைத்துவிட நினைத்தார். மாற்று ஆள் வரவில்லை. காவல் வேலையில் மாற்று ஆள் வந்து நிற்கும்வரை நாள் முடிந்ததாகக் கணக்கில்லை. விடிய விடிய வங்கி வாசலில் நின்றுவிட்டு, கண்ணெரிச்சலோடு காலையில் நிலையத்துக்கு வந்தார். நிலையத்தில் பதிவேடு எழுதும் ரைட்டர் வேலைக்குப் புதிது, சின்ன வயதுப் பெண். எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் எழுதமாட்டார்.

"ஜூன் முப்பதுன்னு போட முடியாதுண்ணே. அந்தப் பக்கத்துல இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டு மூடிட்டார்."

"அப்ப இன்னைக்குத் தேதியப் போடுங்கம்மா."

"போட்டா, ஒரு ராத்திரி லைசென்ஸ் இல்லாம கையில வச்சிருந்தீங்கன்னு கேஸ் ஆயிடும். அப்புறம் ஜென்மத்துக்கும் புதுப்பிக்க மாட்டாங்க."

சொந்தமாகத் துப்பாக்கி இல்லாத காவலாளியை எந்த வங்கியும் வைத்துக்கொள்ளாது. "எனக்கு இன்னும் பொழுதே விடியலம்மா. இது நேத்துப் போட்ட சட்டை," என்றார் காவலாளி. ரைட்டர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். பிறகு, மூடிய நாளுக்கும் திறக்காத நாளுக்கும் நடுவே ஒரு வரியை எழுதி, முத்திரை குத்தி, ரசீதைக் கொடுத்தார். நல்ல மனதோடுதான் செய்தார். இதை இருவரும் கடைசிவரை மறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்தவர் சட்டையைக் கழற்றினார், எடை கழலவில்லை. இடது தோள் ஒரு விரல் அளவு இறங்கியிருந்தது. வாரின் தடம் தோலில் சிவந்து கிடந்தது. கட்டிலில் படுத்தால் துப்பாக்கிக் கட்டை இடிக்கிறது என்று மனைவி வலது பக்கம் மாறிப் படுத்துக்கொண்டார். "துப்பாக்கிய அங்க விட்டுட்டு பாரத்தை மட்டும் தூக்கிட்டு வந்திருக்கீங்க. உங்களைப்போல ஒரு சமர்த்து இந்தத் தெருவுலயே இல்லங்க," என்று சொல்லிவிட்டு, தோளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர்கள் ஏனென்று தெரியாமலே தள்ளி உட்கார்ந்தார்கள். லைசென்ஸுக்கான மருத்துவச் சான்றிதழுக்குப் போன இடத்தில் டாக்டர் அவரை எடை இயந்திரத்தில் மூன்று தடவை ஏற்றி இறக்கினார். கடைசியில் "உடல்நலம் திருப்தி, சற்று இடப்பக்கச் சாய்வு" என்று எழுதிக்கொடுத்தார்.

லைசென்ஸ் அலுவலகத்தில் மற்றதெல்லாம் சரியாக இருந்தது. அண்டை வீட்டார் நல்லபடியாகச் சொல்லியிருந்தார்கள். வழக்கு ஏதுமில்லை. வீட்டில் பூட்டுப் போட்ட இரும்பு அலமாரி இருந்தது. துப்பாக்கியைப் பரிசோதிப்பது ஒன்றுதான் பாக்கி. அதற்காக நிலையத்துக்கு வந்த மெக்கானிக் வாரை அவிழ்த்ததும் துப்பாக்கி மெல்ல மேலே போய் விட்டத்தில் முட்டி நின்றது. ஏணி போட்டு இறக்கி, சணல் கயிற்றால் தாங்கியோடு கட்டினார்கள். "எடை இல்லேன்னா அது பொம்மை. பொம்மைக்கு லைசென்ஸ் கிடையாது," என்றார் மெக்கானிக். எடை எங்கே என்று லைசென்ஸ் அதிகாரி கேட்டதற்கு, காவலாளி மறைக்காமல், "என் தோள்ல இருக்கு சார்," என்றார். அதிகாரி பதறிப்போய்ச் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். குழல், கட்டை, விசை, தோட்டா எல்லாவற்றையும் லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் குற்றம் என்று இருந்தது. எடையைப் பற்றி ஒரு சொல் இல்லை. வழக்குப் போடவும் வழியில்லை, லைசென்ஸ் கொடுக்கவும் வழியில்லை. பதிவைத் திருத்தித் தரும்படி ரைட்டர் மேலிடத்துக்கு எழுதினார். அடுத்த ஆண்டு பதில் வந்தது: திருத்துவதானால், பதிவு செய்த அதே தேதியில்தான் திருத்த வேண்டும்.

வங்கி மேலாளர் இரக்க குணமுள்ளவர். துப்பாக்கி வரும்வரை கதவு திறந்துவிடும் வேலையைக் கொடுத்தார். வந்தவர்கள் அந்தச் சாய்ந்த தோளைப் பார்த்துக் காரணமில்லாமல் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். அந்தக் காலத்தில் வங்கியில் ஒரு சண்டைகூட நடந்ததில்லை. பிறகு வந்த மேலாளருக்கு இரக்க குணம் கொஞ்சம் குறைவு. கதவுக்குத் தானாகத் திறக்கும் இயந்திரம் வாங்கிவிட்டார். காவலாளி வேறு வங்கிகளில் நாயாய்ப் பேயாய் அலைந்தார். எல்லோரும் லைசென்ஸைக் கேட்டார்கள். ஒரு கிடங்கில் கொஞ்ச காலம், ஒரு பள்ளிக்கூட வாசலில் கொஞ்ச காலம் தடியோடு நின்றார். மகளுக்குக் கல்யாணம் ஆயிற்று. புகைப்படத்தில் அப்பா மட்டும் சாய்ந்து நிற்கிறார் என்று படம் எடுத்தவர் சலித்துக்கொண்டார். ஒவ்வொரு ஜூன் மாதக் கடைசியிலும் நிலையத்துக்குப் போய் உட்கார்ந்தார். ரைட்டரும் பதவி உயர்வை வேண்டாமென்று சொல்லிவிட்டு, நரைத்த தலையோடு அங்கேயே இருந்தார். இருவரும் தேநீர் குடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். முப்பது முடிந்ததும் ஜூலை ஒன்றுதான் வந்தது.

"என்னை நல்லா திட்டிடுங்கண்ணே. மனசு ஆறும்," என்றார் ரைட்டர் ஒரு தடவை.

"யாருக்கு ஆறும்? உங்களுக்கா, எனக்கா?" என்று கேட்டுக் காவலாளி சிரித்தார். திட்டவில்லை.

இந்த ஆண்டு, உரிமையாளர் திரும்பப் பெறாத துப்பாக்கிகளை வெட்டிப்போடும்படி உத்தரவு வந்தது. ஜூன் நடுவில் நிலையத்துக்குப் பின்னால் கேஸ் கட்டர் வைத்து வெட்டினார்கள். மற்ற துண்டுகள் தரையில் விழுந்தன. அவருடையது மட்டும் கரித்தூள்போல மதில் தாண்டிப் போயிற்று. பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவரிடம், "இப்பவாவது இறங்கிச்சா?" என்று மனைவி கேட்டார்.

"இறங்கறதுக்கு இனிமே இடம் ஏது?" என்றார்.

தினமும் படுக்கப்போகுமுன் காலண்டர் தாளைக் கிழிப்பது அந்த வீட்டில் மனைவியின் வேலை. துப்பாக்கி போய்விட்டதால் இந்த முறை அவர் நிலையத்துக்குப் போய் உட்காரவில்லை. இன்று மனைவி ஜூன் முப்பதைக் கிழித்தார். கீழே முப்பத்தொன்று இருந்தது. கிழமை போடவில்லை.

"என்னங்க, வந்துடுச்சு."

காவலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார். "கறுப்பு மைலதான் போட்டிருக்கு. லீவு இல்ல. ஸ்டேஷன் தொறந்திருக்கும்," என்றார்.

"அங்கதான் துப்பாக்கியே இல்லியே."

"தேதி இருக்கில்ல."

மனைவி அலமாரியைத் திறந்து, வெளுத்துப்போன ரசீதையும் நல்ல சட்டையையும் எடுத்து வைத்தார். வலது பக்கம் போய்ப் படுத்துக்கொண்டார்.

நாளை ஜூன் முப்பத்தொன்று. காலையில் முதல் ஆளாகப் போய் ரைட்டரிடம் எடையை ஒப்படைக்க வேண்டும். வைக்க இடமில்லை என்று சொன்னால், இடமில்லை என்று தேதி போட்டு எழுதி வாங்கிக்கொண்டு வர வேண்டும்.