நடு மாடி வழியாகப் போன பிழை

எங்கள் கட்டடத்தில் கீழ் வீடு சின்னவளுடையது, மேல் வீடு பெரியவளுடையது, நடுவில் நான். அவர்கள் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்ட ஓரகத்திகள். நான் இருவருக்கும் எதுவும் ஆகாதவள். ஆனாலும் வாய் நிறைய அத்தை என்பார்கள். இரண்டு வீட்டுச் சத்தமும் என் வீட்டைத் தொட்டுக்கொண்டுதான் போயாக வேண்டும். ஒட்டுக் கேட்கும் பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது. காது திறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இருவருக்கும் கம்ப்யூட்டர்தான் பிழைப்பு. பெரியவள் ஒரு ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களையெல்லாம் மேய்ப்பவள். சின்னவள் வீட்டிலிருந்தபடியே பஸ் கம்பெனிக்கு வேலை செய்கிறாள். நிறுத்தத்தில் பலகையில் ஓடுமே, எந்த பஸ் எத்தனை மணிக்கு என்று, அது அவள் கைவேலை. அவளுக்கு முதல் கம்ப்யூட்டரைத் தயார் செய்து கொடுத்து, மாலை மாலையாகப் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கிவிட்டவள் பெரியவள். அந்தச் சிரிப்புச் சத்தமெல்லாம் என் தரை வழியாக வந்ததுதான்.

பிறகு ஒரு பிறந்தநாள் வந்தது. யாரோ உறவுக்காரர், கல்யாணத்துக்கு அப்புறம் இந்த வேலையெல்லாம் எப்படிம்மா கற்றுக்கொண்டாய் என்று கேட்க, சின்னவள், யாரும் சொல்லித்தரவில்லை, நானே முட்டி மோதிக் கற்றுக்கொண்டேன் என்று சொல்லிவிட்டாள். பின்னால் கேக் தட்டோடு பெரியவள் நின்றிருந்தாள். அன்றிலிருந்து மாடிப்படியில் ஒருத்தி ஏறினால் மற்றவளுக்கு வீட்டில் எதையோ மறந்து வைத்த ஞாபகம் வந்துவிடும். அண்ணனும் தம்பியும் ஒன்றும் தெரியாத பிள்ளைகளாக வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

இப்படிப் பல மாதம் போன பிறகு, ஒரு நாள் பிற்பகல் சின்னவள் என் கதவைத் தட்டினாள். முகத்தில் ஈயாடவில்லை. மேல் வீட்டில் அக்கா இருக்கிறார்களா, சும்மாதான் கேட்கிறேன் என்றாள். இந்த மாதிரி சும்மாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்ததும் எல்லாம் வந்தது.

மறுநாள் காலையிலிருந்து ஆற்றுப் பாலம் மூடல். பஸ்களெல்லாம் சுற்றிப் போகும். அந்தப் புது நேரங்களை ஆபீஸ் மூடுவதற்குள் பலகைகளுக்கு அனுப்பியாக வேண்டும். அனுப்பாவிட்டால் ஊரே வராத பஸ்ஸுக்குக் காத்து நிற்கும். வேலையை நிரந்தரம் செய்வதா வேண்டாமா என்று இந்த வாரம்தான் முடிவெடுக்கிறார்கள். இது தவறினால் அவளும் வேலை போய் வீட்டோடு நிற்க வேண்டியதுதான். அனுப்புவதற்கு ஒரு கறுப்பு ஜன்னல் இருக்கிறது, டெர்மினலாம். அது திறக்கும்போதெல்லாம் முதலில் ஒரு ஃபைலைப் படிக்கும். எந்த வேலைக்கு என்ன சொல், எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அதில்தான் எழுதியிருக்கும். இன்று அந்த ஃபைலில் ஏதோ பிழை. ஜன்னல் திறக்கிறது, அவள் சொல்லும் எந்தச் சொல்லும் தெரியாது என்கிறது. பத்து வருஷம் பழகிய நாய் வாசலில் நின்று குரைக்கிற மாதிரி.

பிழை எங்கே என்று அதுவே சொல்லுமே என்றேன். சொல்கிறதாம், கடைசி வரி என்று. கடைசி வரியில் ஒரு குறையும் இல்லை. அந்த வரியை நீக்கிப் பார்த்தாள். பிழை அதற்கு முந்தின வரிக்கு நகர்ந்து உட்கார்ந்துகொண்டது. ஆபீஸில் உதவுகிறவர் லீவு. வீட்டுக்காரனைக் கேட்டால் அணைத்துப் போட்டுப் பார் என்கிறான். அவனுக்கு மிஞ்சி மிஞ்சிப் போனால் அதுதான் தெரியும்.

நான் மேலே போனேன். பெரியவள் அன்று காலைதான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, கன்னம் பந்தாக வீங்கி லீவில் இருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். உதவுவாளோ மாட்டாளோ என்று எனக்கு ஆசையாக... மன்னிக்கவும், கவலையாக இருந்தது. அவள் ஐஸ் பையைக் கன்னத்திலிருந்து எடுத்தாள்.

"கடைசி வரியில அழுதா அடி பட்டது அங்க இல்ல. மேல எங்கயோ திறந்ததை மூடல. மூடுறது எப்ப வரும் எப்ப வரும்னு கடைசி வரைக்கும் தேடிட்டு அங்க வந்து அழுவுது. ஒரு நகல் எடுத்து வெச்சுட்டு, பாதியில ஒரு வெத்து வரி பாத்து, அதுக்குக் கீழ எல்லா வரி முன்னாலயும் அந்த ஹாஷ் குறி போடச் சொல்லுங்க. ஹாஷ் போட்டதைப் படிக்காம தாண்டிடும். அழுகை நின்னா கோளாறு கீழ்ப் பாதி, நிக்கலன்னா மேல் பாதி."

நான் இறங்கினேன். நான் கொண்டுபோகிற சேதி எதுவும் வெறுங்கையோடு போனதில்லை. போகிற வழியில் ஒரு பூ வைத்து, ஒரு பொட்டு வைத்துத்தான் அனுப்புவேன். அக்கா ரொம்ப வருத்தப்பட்டுக் கேட்டாள் என்றேன். பாதி என்று சொன்னாள், எதற்கும் இரண்டு வரி கூடவே போடு என்றும் தாராளமாகச் சேர்த்தேன். சின்னவள் அப்படியே செய்தாள். முன்பு இல்லாத புதுக் கோளாறு ஒன்று முளைத்தது. மறுபடி மேலே போனேன். சின்னவள் எந்த வரியில் பாதியாக வெட்டினாள் என்று பெரியவள் துருவிக் கேட்டுவிட்டு என்னையே பார்த்தாள். நல்லா இருந்த ஒரு துண்டின் நடுவில் கத்தியை இறக்கியிருந்தோமாம்.

"அத்தை, நான் சொன்னதை சொன்னபடி சொல்லுங்க. இது ஊர் வம்பு இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பிறந்து முதல் தடவையாக, கூட்டாமல் குறைக்காமல் சேதி சுமந்தேன். மேல் பாதியில்தான் இருக்கிறது என்று தெரிந்தது. அந்தப் பாதியில் பாதி. அதிலும் பாதி. முழங்கால் இரண்டும் என்னைத் திட்டின. என் வீட்டுக்காரர் கதவைத் திறந்து, உன் வாய் வழியாகப் போனது மாறாமல் போய்ச் சேருகிறதா, இன்று மழைதான் என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டார்.

கடைசியில் நாலைந்து வரி மிஞ்சியது. அதில் 'இஃப்' என்று ஒரு வரி தனியாக நின்றது. 'இப்படி இருந்தால்' என்று ஆரம்பித்து, என்ன செய்ய வேண்டும் என்பதும் இல்லாமல், முடிந்தது என்று மூடவும் இல்லாமல், அந்தரத்தில். சின்னவள் அதைப் பார்த்ததும் விரலைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டாள்.

என்னம்மா என்றேன். காலையில் நான்தான் அழித்தேன் என்றாள். பெரியவள் முன்பு எழுதி வைத்த துண்டு அது. மதியம் தாண்டி ஜன்னலைத் திறந்தால், முதல் வரியில் 'சாப்பிட்டியா? எழுந்து போய் சாப்பிட்டுட்டு வா' என்று வருமாம். பேச்சு நின்ற பிறகும் அது மட்டும் தினமும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. பேசாதவர்கள் எதற்குக் கேட்க வேண்டும் என்று காலையில் ஆத்திரம் வந்து பிடுங்கிப் போட்டாள். அவசரத்தில் தலை மட்டும் நின்றுவிட்டது.

மேலே என்ன சொல்லட்டும் என்று கேட்டேன்.

"உள்ளதை உள்ளபடி சொல்லுங்க அத்தை."

இப்படி ஒரு சேதி கிடைத்தால் மற்ற நாளில் நான் பறந்திருப்பேன். அன்று படிகள் இன்னும் நாலு இருக்கக் கூடாதா என்று இருந்தது. சொன்னேன். பெரியவள் ஐஸ் பையைப் புரட்டிப் புரட்டி வைத்துக்கொண்டாள்.

"அந்த ஒத்த வரியையும் எடுத்துடச் சொல்லுங்க. அப்புறம் ஹாஷ் எல்லாத்தையும் நீக்கிட்டா ஓடும்."

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்றேன். ஒன்றுமில்லை என்றாள்.

கீழே அப்படியே ஆயிற்று. ஜன்னல் அழாமல் திறந்தது. சொன்ன சொல் எல்லாம் அதற்குத் தெரிந்தது. புது நேரங்கள் ஆபீஸ் மூடுவதற்குள் பலகைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. மறுநாள் என் வீட்டுக்காரர் சரியான நிறுத்தத்தில் நின்று சரியான பஸ்ஸில் போய் வந்தார். அந்தப் பலகைக்குப் பின்னால் எத்தனை படி இருக்கிறது என்று அவருக்கு என்ன தெரியும். நான்தான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இரண்டு பெண்களையும் மனசுக்குள் வாழ்த்திவிட்டுப் போகிறேன்.

அன்று சின்னவள் எல்லாம் போய்ச் சேர்ந்ததா என்று இன்னொரு தடவை சரிபார்த்துவிட்டுக் கம்ப்யூட்டரை மூடினாள். அக்காவுக்கு தேங்க்ஸ் சொல்லிவிடட்டுமா என்றேன். வேண்டாம் அத்தை, நானே போகிறேன் என்று எழுந்தாள். என் முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. நானும் பின்னாலேயே ஏறிவிட்டேன்.

பெரியவள் கதவைத் திறந்தாள். நன்றி என்கிற வார்த்தை நம் வீடுகளில் வெளி ஆட்களுக்குத்தான். சின்னவள் அதைச் சொல்லவில்லை.

"அக்கா, வேலை முடிஞ்சுது. ஆனா அந்தத் துண்டுக்கு எங்கிட்ட நகல் இல்ல. எனக்கு அது திரும்ப வேணும்." கொஞ்சம் நிறுத்தி, "நானாவா கத்துக்கிட்டேன்? அன்னிக்கு சும்மா பீத்திக்கிட்டேன்" என்றாள்.

பெரியவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். வீக்கத்தில் சிரித்தாளா முகம் சுளித்தாளா என்று எனக்கே பிடிபடவில்லை.

"இந்த வாயை வெச்சுக்கிட்டு சொல்ல முடியாது. நட, வந்து எழுதித் தரேன்."

இருவரும் என்னைத் தாண்டி இறங்கிப் போனார்கள். அத்தை, நீங்களும் வாங்க என்று ஒரு வார்த்தை இல்லை. நான் என் வீட்டுக்குள் போய்த் தரையில் பாயைப் போட்டுப் படுத்தேன், களைப்பாக இருந்ததால். கீழே கீபோர்டு தட்டுகிற சத்தம். சின்னவள், ஒரு மணிக்கே கேட்க வேண்டாம், எனக்கு அப்போதுதான் வேலை ஓடும், இரண்டு என்று வையுங்கள் என்றாள். இரண்டு மணி வரைக்கும் பட்டினியா, அதெல்லாம் முடியாது என்று பெரியவள் வீங்கின வாயால் அதட்டினாள். சின்னவள் ஒன்றே முக்காலுக்கு இறங்கினாள். பெரியவள் ஒன்றரையில் நின்றாள். எதில் முடித்தார்கள் என்று காதைத் தரையில் நன்றாக ஒட்டி வைத்த அந்த நேரம் பார்த்து, என் வீட்டுக்காரர் சமையலறையில் மிக்ஸியைப் போட்டார்.