செல்லி தண்ணி குடிச்சாச்சு

ஓசூர்க் கம்பெனியின் மேலாளர் காரிலிருந்து இறங்கியபோது வெண்மதி மோட்டார் அறை வாசலில் லேப்டாப்போடு நின்றிருந்தாள். பக்கத்தில் முனிராஜ். இண்டூரில் எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறவர், போனில் வீடியோ பார்த்தே நிரல் எழுதக் கற்றவர். கூட்டுக் கிணற்றில் யார் முறையோ அவர் மட்டும் போனிலிருந்தே மோட்டாரை ஓட்டிக்கொள்ளும் மென்பொருளை இருவரும் சேர்ந்துதான் எழுதினார்கள். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் விற்கிறவர் தன் நிரலையும் இதே உரிமத்தில் திறந்து கொடுக்க வேண்டும். அந்த ஒரு நிபந்தனையோடு இணையத்தில் போட்டிருந்தார்கள்.

ஓசூர்க் கம்பெனி அதை எடுத்தது. தான் விற்கும் மோட்டார்ப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பது குற்றம் என்று தன் உரிமத்தையும் ஒட்டிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஆனால் வெண்மதி சோதனைக்கு எழுதி அழிக்க மறந்த ஒரு வரியை அவர்களும் அழிக்கவில்லை. காரிமங்கலத்தில் ஒரு தோட்டத்தில் கரண்ட் போய் வந்ததும், கம்பெனிப் பெட்டியின் திரையில் அவள் வீட்டு எருமையின் பெயர் வந்து நின்றது: 'செல்லி தண்ணி குடிச்சாச்சு.' அதைப் படமெடுத்துக் கடிதத்தோடு கம்பெனிக்கு அனுப்பிய பிறகுதான் இந்தக் கார் வந்தது.

"ரெண்டு லைசென்ஸும் முட்டுது, ஒத்துக்கறேன் மேடம். உரிமத்த எங்களுக்கு மாத்திக் கையெழுத்துப் போட்டீங்கன்னா பிரச்சினை தீந்துரும். ஓசூர்ல உங்களுக்கு வேலையும் ரெடி." மேலாளர் பத்திரத்தையும் பேனாவையும் அவள் கையில் கொடுத்தார்.

வேலை என்றதும் அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். மூன்று வருடமாக இன்டர்வியூவுக்கு அலைந்து செருப்புத் தேய்ந்தவள்.

"மோட்டார ஓட்டற பகுதி அண்ணன் எழுதுனதுங்க. அவரு சம்மதிக்காம மாத்த முடியாது."

"அவர் பகுதிய எடுத்துட்டு நாங்க எழுதிக்கறோம்."

முனிராஜ் சிரித்தார். "கூட்டுக் கெணத்துல எம் பங்க மட்டும் மூடிட்டுத் தண்ணி எறைப்பீங்களா சார்?"

வெண்மதிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பேனாவைத் திருப்பி நீட்டினாள்.

"எங்க வரி வேணும்னா உங்க நிரலையும் தொறந்து வையிங்க. முடியாதுன்னா எங்க வரி ஒண்ணுகூட இல்லாம புதுசா எழுதிக்கோங்க. மூணாவது வழி கெடையாதுங்க."

"அப்ப வேலை?"

"வேலை வேணுந்தான். இதுக்காக வேணாம்."

மேலாளர் பேனாவை வாங்கிக்கொண்டு காரில் ஏறினார்.

"அந்த எருமை வரிய இப்பவாச்சும் அழிச்சுரலாமா பாப்பா?" என்றார் முனிராஜ்.

"இருக்கட்டுங்கண்ணா."

கார் வளைவு திரும்புவதற்குள் கரண்ட் போய், வந்தது. மோட்டார் அறையில் திரை எரிந்தது. செல்லி தண்ணி குடிச்சாச்சு. வெளியே தொட்டியில் மூக்கு முங்கத் தலையை விட்டு, செல்லி இன்னும் குடித்துக்கொண்டிருந்தது.