கொசுறாக ஓர் ஆட்டக்காரர்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமானதில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் மாட்டிக்கொள்ள வேண்டாம். என் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கும் டோரீன் ஃபாலன் ஒரு மதியம் சாப்பாட்டு மேசையில் சொன்னது. என்னைச் சிரிக்கவைக்கத்தான் ஆரம்பித்தார். பாதியில் குரல் இறங்கிவிட்டது. மீதியை சூப்புக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர் கிண்ணத்தைக் கழுவி வைப்பதற்குள் எனக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது.

"இதை எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்கோ. ஆனா பேரை மாத்திடு."

"யார் பேரை? லென்னி பேரையா, அந்த ஆட்டக்காரர் பேரையா?"

"எல்லார் பேரையும். முதல்ல என் பேரை."

மாற்றிவிட்டேன். அணியையே மாற்றிவிட்டேன். பஃபலோ ஸ்டீமர்ஸ் என்று ஒரு கூடைப்பந்து அணி கிடையாது, தேடாதீர்கள். வீரர்களும் என் கற்பனை. ஊரையும் குளிரையும் இறைச்சிக் குலுக்கலையும் மட்டும் இருந்தபடியே விட்டிருக்கிறேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "பிப்ரவரிப் பனி ஏரியின் மேலிருந்து கிளம்பி, மாதா கோயில் மண்டபத்தின் கூரையை மெல்ல மெல்ல"

(அடித்துவிட்டேன். இந்த ஊரில் பனியில் தொடங்கும் கதையை யாரும் படிக்க மாட்டார்கள். வாசலில் அள்ளிப் போட்டதே போதும் என்பார்கள்.)

அடுத்த தொடக்கம்: "லென்னி குபியாக் நல்ல மனிதர்."

(இதையும் அடிக்கத்தான் பேனாவை எடுத்தேன். ஒருவரை நல்லவர் என்று அறிமுகப்படுத்தினாலே வாசகருக்கு மூக்கில் வேர்த்துவிடும். ஆனால் அது உண்மை என்பதால் விட்டுவைக்கிறேன்.)

லென்னி குபியாக் நல்ல மனிதர். மாநகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மாதா கோயில் மண்டபத்தில் இறைச்சிக் குலுக்கல் நடந்தால் ஒலிபெருக்கி அவர் கையில்தான் இருக்கும். ஆளுக்கொரு டாலர் கொடுத்து எண் சீட்டு வாங்குவார்கள், லென்னி பெரிய மரச் சக்கரத்தைச் சுற்றிவிடுவார், எண் விழுந்தவர் மேடைக்கு வந்து பேக்கனோ சாசேஜோ தனக்குப் பிடித்த பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு போவார். வரும் பணம் மண்டபத்தைச் சூடாக்கும் பழைய பாய்லருக்குப் போகும். லென்னி எல்லோரையும் பெயர் சொல்லிக் கிண்டல் செய்வார். யாரும் கோபித்துக்கொள்வதில்லை, அவர் கிண்டலுக்காகவே வருகிறவர்கள் உண்டு.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கெட்டவர் செய்திருந்தால் எனக்கு எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

3

அந்தச் சனிக்கிழமை மண்டபத்தில் இறைச்சியைப் பற்றி யாரும் பேசவில்லை. அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்வதற்கான கடைசி நாள் வரும் வியாழக்கிழமை. மேற்குக் கடற்கரை அணி ஒன்றிலிருந்து கீனன் வோஸ் என்ற பாயின்ட் கார்டை வாங்கலாமா வேண்டாமா என்று ஊரே இரண்டுபட்டுக் கிடந்தது. பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்த ஸ்டீமர்ஸிடம் ஆளில்லை. வோஸ் நடத்துவார், ஆனால் அவருக்கு முட்டியில் இரண்டு முறை கத்தி வைத்திருக்கிறார்கள்.

"யோவ் லென்னி, முப்பத்திரெண்டு வயசு, முட்டி போன ஆளு. அவனை வாங்கி என்ன, மாடிப்படி ஏறச் சொல்லிப் பாக்கப் போறியா?" என்றார் டோரீன், கோழி இறக்கையைக் கடித்துக்கொண்டே.

"ஏம்மா டோரீன், உன் முட்டி மட்டும் என்ன வாழுதாம்? நீ வேலைக்குப் போகலையா?"

"நான் உக்காந்து வேலை பாக்கறேன்யா!"

"வோஸும் பாதி ஆட்டம் உக்காரட்டும். மீதிப் பாதியில நம்மள பைனலுக்குக் கூட்டிட்டுப் போவான். நம்ம பசங்களுக்குப் பந்தைக் கையில குடுத்தா, ஐயோ இது யாரோட குழந்தைன்னு முழிக்கிறானுங்க."

மேசை குலுங்கச் சிரித்தார்கள்.

"சரி, வாங்கு. யாரைக் குடுப்பே?"

இங்கேதான் கதை திரும்புகிறது. ஒருவரை வாங்கினால் அவர் சம்பளத்துக்கு ஏறக்குறைய ஈடான சம்பளத்தை இந்தப் பக்கமிருந்து அனுப்பியாக வேண்டும், அது விதி. ஆகவே நல்ல இளைஞன் ஒருவனைக் கொடுத்த பிறகும் தராசு சமமாகாவிட்டால், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் யாரையாவது கூடத் தூக்கிப் போடுவார்கள். ரசிகர்கள் எல்லோரும் தங்கள் தொலைபேசியில் இந்தத் தராசை வைத்துக்கொண்டுதான் பிப்ரவரியை ஓட்டுகிறார்கள். வேறெங்கும் இல்லாத பொறுமையும் கணக்கும் அப்போது மட்டும் வந்துவிடும்.

(காய்கறிக்காரர் கடைசியில் பைக்குள் போடும் கறிவேப்பிலைக்கு நாம் வைத்திருக்கும் சொல்தான் இதற்கும் சரி. கொசுறு.)

"டிலரி," என்றார் லென்னி. "ஓவன் டிலரி. போட்டுப் பாத்துட்டேன், டாண்ணு உக்காருது."

ஓவன் டிலரி மாற்று ஆட்டக்காரர். ஏழடிக்குக் கொஞ்சம் குறைவு. ஆட்டம் முடிவாகிவிட்ட கடைசி நிமிடங்களில் இறங்குவார். அப்போது எழுந்து நின்று "ஓ-வன்! ஓ-வன்!" என்று மேல்வரிசையையே கத்தவைப்பவர் லென்னிதான். அவர் மீது லென்னிக்குப் பிரியம் உண்டு. செலவில்லாத பிரியம்.

4

பேச்சு மேசைக்கு மேசை தாவியது. சக்கரத்தைச் சுற்ற யாரும் விடவில்லை. லென்னிக்கு உற்சாகம் தலைக்கேறியது. ஒலிபெருக்கியை எடுத்தார்.

"அமைதி, அமைதி! ஸ்டீமர்ஸ் முதலாளிக்கு நம்ம தீர்ப்பைச் சொல்லிடுவோம். வோஸ் வேணும்கிறவங்க கை தூக்குங்க!"

மண்டபத்தில் பாதி கைகள் எழுந்தன. மறுபாதி கூச்சல் போட்டது.

"சரி, அடுத்தது. வோஸ் வந்தே தீரணும்னா, கூட டிலரியைத் தூக்கிப் போடலாம்கிறவங்க?"

இந்த முறை எல்லாக் கைகளும். டோரீனின் கையும். ("நான் வோஸ் வேணாம்னுதான் சொன்னேன். டிலரியைக் குடுக்கறதுல எனக்கு ஒண்ணுமில்லையே," என்றார் என்னிடம். பிறகு, "அப்படித்தான் அப்ப தோணிச்சு" என்றார்.)

சமையலறைக் கதவருகே ஒரு கை மற்றவற்றுக்கு மேல் உயரத்தில் நின்றது. லென்னி முகத்தைக் கவனிக்காமலே வழக்கம்போல் ஒரு கிண்டலை விட்டார்.

"கடைசியில இருக்கற பெரியவரே, ஒரு கைதான் கணக்கு! ஸ்டூல் மேல ஏறி நின்னெல்லாம் ஓட்டுப் போடக் கூடாது!"

சிரிப்பு வெடித்தது. எல்லோரும் திரும்பினார்கள்.

"ஸ்டூல்ல நிக்கலை சார்," என்றார் ஓவன் டிலரி, கையை இறக்காமலே.

குலுக்கல்களுக்கும் பள்ளிகளுக்கும் அணி தன் ஆட்களை அனுப்பும். ஆடுகிறவர்களை அனுப்ப மாட்டார்கள், பெஞ்சில் இருப்பவர்களைத்தான் அனுப்புவார்கள். அன்று மண்டபத்துக்கு டிலரி. பாதிரியாரைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை, லென்னிக்கு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று. டிலரி சமையலறை வழியாக வந்து, எவ்வளவு நேரமோ அங்கே நின்றிருக்கிறார். பக்கத்தில் அவர் மனைவி மரீசா, கோட்டைக் கழற்றாமல்.

டிலரி சிரித்துக்கொண்டிருந்தார். மண்டபம் சிரிப்பதை நிறுத்திவிட்டது. தூக்கிய கைகளை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. சிலர் தலையைக் கோதினார்கள்.

"மேல் ரூமுக்கு இந்த வாரம்தான் பெயின்ட் அடிச்சோம்," என்றார் மரீசா. யாரிடமும் சொல்லவில்லை, கதவிடம் சொன்ன மாதிரி இருந்தது என்கிறார் டோரீன்.

5

(இந்த இடத்தில் டிலரி கோபித்துக்கொண்டு வெளியேறுவதாக ஒரு பக்கம் எழுதினேன். நன்றாக வந்திருந்தது. பொய் என்பதால் கிழித்துவிட்டேன்.)

அவர் போகவில்லை. சக்கரத்தைச் சுற்றினார். ஐந்தாறு பொட்டலங்களை வயதானவர்களின் மேசைக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். பந்துகளில் கையெழுத்துப் போட்டார். பாதிரியார் வற்புறுத்தி அவருக்கும் ஒரு சீட்டு வாங்கிக் கொடுக்க, அதற்கே எண் விழுந்தது: முழுப் பன்றித்தொடை, ஈஸ்டருக்குச் சமைக்கிற அளவு. எல்லோரும் தேவைக்கு மேல் கை தட்டினார்கள்.

லென்னி ஒலிபெருக்கியில் எண்களை மட்டும் சொன்னார். உள்ளே ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்: தப்பு பண்ணிட்டேன், மன்னிச்சிடுங்க. மூன்றே சொல். அந்த மனிதர் கதவைத் தாண்டுவதற்குள் அதைச் சொல்லிவிட்டால் போதும், தன் முகத்தைத் தானே கண்ணாடியில் பார்க்கலாம் என்று நினைத்தார்.

கோட்டு மாட்டும் இடத்தில் பிடித்துவிட்டார். வாயைத் திறந்தார்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மேல எங்களுக்கு ஒண்ணும் இல்ல. உங்க சம்பளம்தான் கணக்குக்கு அப்படியே பொருந்துது."

முப்பது வருடம் ரசிகராக இருந்த நாக்கு அதைத்தான் சொன்னது. சொன்ன பிறகுதான் அவர் காதில் விழுந்தது.

"தெரியும் சார்," என்றார் டிலரி. "என் ஏஜென்ட்டும் அதையேதான் சொன்னார்."

பிறகு கையிலிருந்ததை நீட்டினார்.

"இதை நீங்க வெச்சுக்கறீங்களா? ஈஸ்டர் வரைக்கும் நாங்க இங்க இருப்போமா தெரியலை. ஃப்ரீசர்ல போட்டுட்டுப் போனா வீணாயிடும்."

லென்னி வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை. அதோடு நிற்கவுமில்லை.

"ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

(இதை நான் சேர்க்கவில்லை. லென்னியைக் காப்பாற்ற இரண்டு முறை நீக்கிக்கூடப் பார்த்தேன். ஆனால் படத்தை எடுத்தவர் டோரீன், அது இன்னமும் அவர் தொலைபேசியில் இருக்கிறது. பன்றித்தொடையைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு லென்னி நிற்கிறார். அருகில் டிலரி குனிந்து, அவர் உயரத்துக்கு வந்து சிரிக்கிறார். மரீசா படத்தில் இல்லை.)

6

வியாழக்கிழமை செய்தி வந்தது. வோஸ் வருகிறார். ஓர் இளைஞனும் டிலரியும் போகிறார்கள்.

அப்போது லென்னி தன் சமையலறையில் தனியாக இருந்தார். டோரீன் அங்கே இல்லை, நானும் இல்லை. ஆனாலும் எனக்குத் தெரியும், ஏனென்றால் லென்னியே டோரீனைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்.

"செய்தியப் பாத்ததும் குதிச்சிட்டேன் டோரீன். கத்திட்டேன். வோஸ் வந்துட்டான்னு. அந்தத் தம்பி ஞாபகமே வரலை. ஐஸ் எடுக்க ஃப்ரீசரைத் தொறந்தேன், அப்பதான்..."

தானும் குதித்ததை டோரீன் லென்னியிடம் சொல்லவில்லை. என்னிடம்தான் சொன்னார், சூப்புக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு.

7

இனி முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

ஒன்று. அடுத்த பருவத்தில் டிலரி புது அணியின் உடையில் பஃபலோவுக்கு வருகிறார். முதல் தடவை திரும்பி வரும் பழைய ஆட்டக்காரருக்கு அரங்கமே எழுந்து நின்று கை தட்டுவது வழக்கம். லென்னி முதலில் எழுகிறார், கை சிவக்கத் தட்டுகிறார். டிலரி மேலே பார்த்துத் தலையசைக்கிறார். (டிலரியை மேலே பார்க்கவைத்தால் லென்னி தப்பித்துவிடுவார்.)

இரண்டு. வோஸின் முட்டி முதல் வாரமே போகிறது. (கதை லென்னியைப் பிரம்பால் அடிக்கிறது. முட்டி நன்றாக இருந்தால் செய்தது சரியாகிவிடுமா?)

மூன்று. ஈஸ்டர். லென்னி அந்தப் பன்றித்தொடையைச் சமைத்து, மேசையில் வைத்து, கத்தியை எடுத்து, மேலே

இல்லை.

மூன்றில் எது என்று உங்களையே கேட்டுவிடலாம் என்றுதான் இவ்வளவு தூரம் வந்தேன். "முதல் முடிவு வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள்" என்று எழுதியும்விட்டேன். எழுதிய பிறகுதான் எந்த மண்டபத்தில் நிற்கிறேன் என்று தெரிந்தது.

மூன்றையும் திரும்பப் படித்துப் பார்த்தேன். மூன்றிலும் டிலரிக்கு ஒரே வேலைதான்: லென்னியின் வெட்கத்துக்குச் சமமாகத் தராசின் மறுதட்டில் உட்காருவது. ஒன்றில் தலையசைக்கிறார், மற்ற இரண்டிலும் அதுகூட இல்லை. நானும் அவரைப் பொருத்திப் பார்த்திருக்கிறேன். டாண்ணு உட்கார்ந்தார். கூசுகிறது.

நேற்று டோரீனிடம் போய், அந்த மேல் அறைக்கு என்ன நிறம் அடித்தார்கள், யாருக்கான அறை என்று கேட்டேன்.

"தெரியாது," என்றார். "அன்னிக்கு யாருமே கேக்கலை."

"லென்னிக்குத் தெரியுமா?"

"அவரும் கேக்கலை. அந்தத் தொடை இன்னும் ஃப்ரீசர்லதான் இருக்கு. சமைக்கவும் மாட்டேங்கறார், தூக்கிப் போடவும் மாட்டேங்கறார்."

ஆகவே முடிவை நான் எழுதப்போவதில்லை. உங்களிடம் ஒன்று இருந்தால் தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். கையை மட்டும் தூக்காதீர்கள். ஒருமுறை சமையலறைக் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.