முகம் தெரிகிற சாய்தளம்

யாரிடமாவது சொல்லாவிட்டால் விடிகிற வரை தூக்கம் வராது. நைனா மூன்று நாள் பாலிஷ் போட்ட கல்லை, நைனாவின் உளியாலேயே நான் கெடுத்துவிட்டேன். காலை பத்து மணிக்குத் திறப்பு விழா. அந்தக் கல்லுக்கு முன்னால்தான் மாமல்லபுரமே கூடப் போகிறது.

எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவைப் 'பாரம்பரியத் தெரு' என்று அறிவித்துப் பலகை வைத்து இரண்டு வருடம் ஆகிறது. பதினோரு பழைய ஓட்டு வீடுகள். ஏழாவது வீட்டில் ஆறு மாத இலவசக் கம்ப்யூட்டர் வகுப்பு. பத்தாவது மார்க்கைப் பார்த்து எனக்கு இடம் கொடுத்தார்கள். வாசலில் ஐந்து படி இருப்பதை யாரும் பார்க்கவில்லை. இரண்டு வயதில் எனக்குப் போலியோ வந்தது. நான் இருப்பது சக்கர நாற்காலியில்.

தூக்கிக்கொண்டு போகலாம் என்றார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பத்து வருடம் அப்படித்தான் போனேன். தூக்க ஆள் வராத நாளெல்லாம் எனக்கு லீவு. இந்த வகுப்புக்காவது நானாகப் போக வேண்டும் என்று மனு எழுதிக் கொடுத்தேன். என்ன அதிசயமோ, சாய்தளம் வந்தது.

தெருவுக்கென்று ஒரு கமிட்டி இருக்கிறது. அதன் செயலாளர் ரவிச்சந்திரன் சாருக்குத் தெருவின் பழைய தோற்றம்தான் உயிர். சிமெண்ட் கூடாது. கைப்பிடிக் கம்பி கூடாது, போட்டோவில் அசிங்கமாகத் தெரியுமாம். கருங்கல் மட்டும் போடலாம். அதுவும் நீளமாக வேண்டாம், தெருவை அடைக்கும். வேலையைச் சடையப்பனிடம் கொடுத்தார்கள். சிற்பப் பட்டறையில் கல் வேலை செய்கிற அந்தச் சடையப்பன்தான் என் நைனா.

"கல்ல சொரசொரன்னு அப்படியே வுட்டுடுங்க சடையப்பன். அதான் நேச்சுரலா இருக்கும்" என்றார் செயலாளர்.

நைனாவுக்கு அது சுருக்கென்றது. பட்டறையில் பாலிஷ் போடாத கல்லை அரை வேலை என்பார்கள். "என் பொண்ணு ஏறப்போற கல்லு. அரகொறயா வுட்டா எவன் மதிப்பான்?" என்று, யாரும் கேட்காமலே மெஷினை எடுத்துக்கொண்டு போய் மூன்று நாள் தேய்த்தார்.

நேற்று என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார்.

"குனிஞ்சு பாரு பாப்பா. மொகம் தெரியுதா?"

தெரிந்தது. எனக்குப் பின்னால் சிரித்துக்கொண்டு நின்ற அவர் முகமும் தெரிந்தது.

அதற்குள் தெருப்பிள்ளைகள் மேலிருந்து வரிசையாகச் சறுக்கி விளையாட ஆரம்பித்திருந்தார்கள். "பாத்தியா வழுவழுப்ப! பசங்க இன்னா ஸ்பீடா வருதுங்க பாரு" என்றார் நைனா. நான் என் சக்கரங்களைப் பார்த்தேன்.

இன்று சாயங்காலம் அவர் சிங்கப்பெருமாள் கோயிலுக்கு வேலையாகப் போயிருந்தார். என்னோடு படித்த ஹம்னாவைக் கூட்டிக்கொண்டு போய் ஒத்திகை பார்த்தேன். சக்கரத்தை நானே தள்ளினேன். மூன்றடி ஏறியதும் சக்கரம் சுற்றியது, நாற்காலி நகரவில்லை. பிறகு நகர்ந்தது, பின்பக்கமாக. ஹம்னா குறுக்கே நிற்காவிட்டால் எதிர் வீட்டுத் தூணில் போய் மோதியிருப்பேன்.

"இன்னாடி இது, ஏறுறதுக்குப் போட்டாங்களா, உருட்டி வுடறதுக்குப் போட்டாங்களா?" என்றாள், முட்டியைத் தேய்த்துக்கொண்டு.

பந்தல் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த செயலாளர் ஓடி வந்தார்.

"பயப்படாத பாப்பா. நாளைக்கு நாலு பசங்களுக்குச் சொல்லியிருக்கேன். பின்னாலேர்ந்து அப்படியே தூக்கிடுவாங்க. போட்டோல தெரியாது. அவங்களுக்கு நாஸ்தா கூட ஏற்பாடு பண்ணியாச்சு."

"நாளன்னிக்கு சார்?"

"நாளன்னிக்கு யாரும்மா போட்டோ எடுக்க வர்றாங்க?"

அவர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே எனக்கு ஆறுதல் சொன்னார்.

நைனாவிடம் சொல்லலாம்தான். ஆனால் உங்கள் பாலிஷ்தான் என்னைக் கீழே தள்ளுகிறது என்று எப்படிச் சொல்வது?

வீட்டில் அம்மா மிளகாய் அரைத்துக்கொண்டே திட்டிக்கொண்டிருந்தாள். "அம்மி தேஞ்சு போயி ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. கல்லு வேலக்காரன வூட்டுல வச்சிகினு, அம்மி கொத்த வெளியாளத் தேட வேண்டியதா கீது."

அம்மி வழுவழுப்பானால் மிளகாய் வழுக்கிக்கொண்டு ஓடும். உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்தினால் பிடித்துக்கொள்ளும். நான் அந்த அம்மியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நைனாவின் பையிலிருந்து ஓர் உளியையும் சுத்தியலையும் எடுத்து மடியில் துப்பட்டாவுக்கு அடியில் மறைத்தேன். ஹம்னா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பந்தல்காரர்கள் போன பிறகு நாற்காலியிலிருந்து இறங்கிக் கல்லின் அடியில் உட்கார்ந்தேன். இரண்டு சக்கரத்துக்கும் இரண்டு பட்டை. கொத்திய இடத்தில் உட்கார்ந்துகொண்டு அடுத்த இடத்தைக் கொத்தினேன். கொத்தாத இடத்தில் உட்கார்ந்தால் நானே வழுக்கினேன். ஹம்னா டார்ச் பிடித்தாள்.

"மெதுவா அடிடி. யாராச்சும் வந்துடப் போறாங்க."

மூன்று மணி நேரம் ஒருவரும் வரவில்லை. இந்த ஊரில் உளிச் சத்தம் கேட்டு யார் எட்டிப் பார்ப்பார்கள்?

அப்புறம் நாற்காலியில் ஏறி, நானாக, ஒரே தம்மில் மேலே போனேன். பூட்டிக் கிடந்த கதவைத் தொட்டேன். கைதட்டப் போன ஹம்னா வாயைப் பொத்திக்கொண்டாள். டார்ச் வெளிச்சத்தைக் கீழே அடித்தாள். நைனாவின் கண்ணாடிக் கல்லுக்கு அம்மை போட்டது போல, கோணல்மாணலாகப் புள்ளிகள்.

"உங்க நைனா உன்னக் கொன்னுடுவாரு" என்றாள்.

ராத்திரி பதினோரு மணிக்கு நைனா வந்தார். பையைத் திறந்து, நான் திரும்ப வைத்திருந்த உளியின் முனையைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"இத யாரு தொட்டது?"

போர்வைக்குள்ளிருந்தே சொன்னேன். "நான்தான் நைனா. கல்லு வழுக்குச்சு. பின்னால வந்துட்டேன். அதான் அம்மி மாதிரி கொத்திட்டேன்."

சாப்பிடாமல் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். பாலிஷ் போடுகிற கை மெஷினும் அந்தப் பையில்தான் இருக்கிறது. விடிவதற்குள் எல்லாவற்றையும் தேய்த்துப் பழையபடி ஆக்கிவிடுவார் என்று நினைத்தேன். மெஷின் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன்.

இப்போது சத்தம் கேட்கிறது. மெஷின் இல்லை. உளி. டொக், டொக் என்று ஒரே சீராக. என் கோணலை நேராக்குகிறார் போலிருக்கிறது.

"நாலு மாசமா அம்மி கொத்தச் சொல்றேன், காதுல வுழல. தெருக் கல்லுன்னா அர்த்த ராத்திரில ஓடுவாரு" என்கிறாள் அம்மா, இருட்டில்.

ரவிச்சந்திரன் சாரை நினைத்தால் இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சொரசொரப்பு கேட்டவர் அவர்தானே. அந்த நாலு பேரும் வரட்டும். நாஸ்தா சாப்பிட்டுவிட்டுச் சும்மா நிற்கட்டும்.