உள்ளிருந்து திருப்பிய முள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பேருந்தில் கிடைத்தது. மடியில் பாதி படித்த மொழிபெயர்ப்பு நாவல் ஒன்று இருந்தது. அதில் ஓர் அதிபர் பால்கனியில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். (மொழிபெயர்ப்பு நாவல்களில் அதிபர்களுக்கு வேறு வேலையே கிடையாது.) முன் இருக்கையில் இரண்டு பேர் நிஜமான, புதிய அதிபரைப் பற்றிச் சண்டை போட்டார்கள். ஆறு மாதத்தில் என்ன கிழித்துவிட்டார் என்றார் ஒருவர். ஆறு மாதத்தில் என்னதான் கிழிக்க முடியும் என்றார் மற்றவர். ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்த பெண்மணி கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

“எங்க வீட்டுக்காரருக்கே நான் அஞ்சு வருஷம் டைம் குடுத்தேன்.”

“அப்புறம் என்னக்கா ஆச்சு?”

“இன்னும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

பேருந்தே சிரித்தது. நான் நாவலை மூடிவைத்துவிட்டு யோசித்தேன். ஓர் அரசு உருப்படியாகப் போகிறதா என்பது எங்கே நின்று பார்த்தால் தெரியும்? பதில் தெரிந்திருந்தால் கட்டுரை எழுதியிருப்பேன். தெரியாததால் கதை.

2

முதல் தொடக்கம்: “அதிபர் பால்கனிக்கு வந்தார்.” அடித்துவிட்டேன். இந்தக் கதைக்குள் அதிபர் வரமாட்டார். வந்தால் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது: “பொருளாதாரம் என்பது ஒரு…” எனக்கே கொட்டாவி வந்தது.

மூன்றாவதுதான் நின்றது:

சந்தைச் சாலையில் ஒரு நாளிதழ் அலுவலகம். முகப்பில், மூன்றாம் மாடி உயரத்தில், ஓடாமல் போன பெரிய கடிகாரம். புதிய அதிபர் பதவியேற்றதும் ஆசிரியர் அதன் எண்களை அழித்து, இடப்பக்கம் ‘சரிவு’, வலப்பக்கம் ‘ஏற்றம்’, நடு உச்சியில் ‘பொறுப்போம்’ என்று எழுதவைத்தார். ஒரே ஒரு முள். மாதத்தின் முதல் நாள் மட்டும் அது நகரும். எவ்வளவு நகர வேண்டும் என்று தீர்மானிப்பது பொருளாதாரப் பக்கம் எழுதும் இளம்பெண். அலுவலகத்தில் அவளுக்கு ‘மீட்டர்’ என்று பெயர். காபி எப்படி இருக்கிறது என்று கேட்டால்கூட, “போன வாரத்தைவிடப் பரவாயில்லை, ஆனா இன்னும் நிலையா இல்லை” என்பாள்.

அவளை எனக்குப் பிடித்துவிட்டது. இனி அவள் பின்னாலேயே போகிறேன்.

3

ஐந்து மாதம் முள் ‘பொறுப்போம்’ பக்கத்திலேயே தயங்கியது. ஆறாவது மாதம் மீட்டர் துணிந்தாள். புதுக் கடை திறக்க உரிமம் வாங்க, முன்பு அரசு அலுவலகத்தில் ஏழு கவுண்டர்களில் நிற்க வேண்டும். புதிய அதிபர் வந்தபின் ஒன்றில் நின்றால் போதும். மாவு விலை இன்னும் இறங்கவில்லைதான். இருந்தாலும் கூட்டிக் கழித்துப் பார்த்து, “ஓரளவு ஏற்றம்” என்று எழுதினாள்.

முள்ளை வழக்கமாகத் திருப்புகிற அச்சு இயந்திர மெக்கானிக் கால் சுளுக்கி விடுப்பில் இருந்தார். முள்ளின் அச்சுத்தண்டு சுவரைத் துளைத்து உள்ளே மாடி அறைக்கு வருகிறது. அங்கே ஒரு கைப்பிடி. ஏற்றம் வலப்பக்கம். அவள் வலப்பக்கம் திருப்பினாள். கையைத் தட்டிக்கொண்டு, சைக்கிள் நிறுத்தும் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போய்விட்டாள்.

(வாசகரே, நீங்கள் பிடித்துவிட்டீர்கள். எனக்கு இது அந்த வரியை எழுதிய பிறகுதான் உறைத்தது. சுவருக்கு உள்ளே நிற்பவரின் வலம், தெருவில் நிற்பவரின் இடம்.)

4

முதல் பிரதியில் மீட்டருக்கு அக்கா கிடையாது. தவறு நடந்தது, சிரித்தோம், முடிந்தது. ஆனால் யாருக்கும் வலிக்காத தவறு எத்தனை பக்கம் தாங்கும்? அப்போதுதான் அக்கா கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

அக்கா வேலை பார்த்தது அந்த ஏழு கவுண்டர்களில் நான்காவதில். அது மூடப்பட்டுவிட்டது. அடுத்த உத்தரவு வரும்வரை ஒரு பெரிய அறையில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அன்று சாயங்காலம் அவள் சந்தைச் சாலை வழியாக வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் தங்கையைக் கட்டிக்கொண்டாள்.

“நீயாவது எங்க பக்கம் நின்னியேடி.”

“எந்தப் பக்கம்க்கா?”

“நடிக்காத. அவ்ளோ பெரிய முள்ள சரிவுல வெச்சுட்டு, எந்தப் பக்கமாம். நாளைக்கு எங்க ரூமே உன்னப் பத்தித்தான் பேசும்.”

அக்கா வெகுநாள் கழித்து இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டாள். மீட்டர் அவள் தட்டில் குழம்பை ஊற்றினாள்.

மறுநாள் காலையில், வேலைக்குச் சேர்ந்து முதல்முறையாக அலுவலகத்தின் முன்பக்கம் நின்று அண்ணாந்து பார்த்தாள். முள் ‘சரிவில்’ நின்றது. நேராக ஆசிரியர் அறைக்குப் போனாள்.

“சார், முள்ளு தப்பு. கட்டுரைதான் சரி.”

“கட்டுரைய யாரும்மா படிச்சா?” என்றார் ஆசிரியர். “துணிச்சலான முள்ளுன்னு காலைலேருந்து போன் மேல போன். நடுமாசத்துல தூக்கி ஏத்தத்துல வெச்சா, அரசுகிட்ட காசு வாங்கிட்டாங்கன்னு சொல்லுவான். வேணும்னா ஏழாம் பக்கத்துல சின்னதா ஒரு திருத்தம் போட்டுடலாம்.”

“சுவத்துல இருக்கற பொய்க்கு ஏழாம் பக்கத்துல திருத்தமா சார்?”

“ஒண்ணாந்தேதி வரட்டும். அதுவா நகந்த மாதிரி நகத்திடலாம்.”

தெருமுனை ரொட்டிக்கடைக்காரர் இரண்டாவது அடுப்புக்கு ஒரே நாளில் உரிமம் வாங்கிவைத்திருந்தார். அடுப்பை மட்டும் வாங்கவில்லை.

“உங்க முள்ளே படுத்துடுச்சேம்மா. நான் எந்த தைரியத்துல வாங்க?”

(அதாவது, சரிவைப் பார்த்துச் சரிய ஆரம்பித்திருந்தார். இதைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். கதை நகராமல் நின்றதால் கிழித்துவிட்டேன். ஒரு வாக்கியம் மட்டும் மிச்சம்: காணாமல் போன கவுண்டர் வரிசைக்கு முகம் கிடையாது, வேலை போன ஆளுக்கு உண்டு, அதனால்தான் சீர்திருத்தத்தை எடைபோட உட்காருகிறவருக்குத் தட்டு ஒரு பக்கமாகவே…)

5

ஒன்றாம் தேதி. மாடி அறை. மீட்டர் கைப்பிடியைப் பிடித்தபடி நிற்கிறாள். நேராக்கினால் ஊருக்கு உண்மை கிடைக்கும். அக்காவுக்குத் தங்கை இல்லாமல் போகலாம். இங்கே எனக்கு இரண்டு முடிவுகள் இருந்தன.

அ. அவள் திருப்புகிறாள். அக்கா பேசுவதை நிறுத்துகிறாள். மழை பெய்கிறது. (மழை எந்த நாவலிலிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும்.)

ஆ. அவள் திருப்பவில்லை. ஆறு மாதம் கழித்துப் பொருளாதாரம் நிஜமாகவே சரிகிறது. முள் சொன்னது பலித்துவிட்டது என்று ஊரே அவளை… சே, வேண்டாம்.

இரண்டையும் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தபோது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நான் அழைக்கவில்லை. அக்கா, கையில் சாப்பாட்டு டப்பாவோடு.

“சும்மாதானே உக்காந்திருக்கேன், நீ முள்ளு வெக்கறதப் பாக்கலாம்னு வந்தேன்.” அவள் கைப்பிடியைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். பக்கத்திலிருந்த வட்ட ஜன்னலில் எட்டித் தெருவைப் பார்த்தாள். பல வருடம் கவுண்டர் கண்ணாடிக்கு உட்புறம் உட்கார்ந்து, வெளியே நிற்பவர்களுக்கு எது இடம், எது வலம் என்று கை காட்டியவள்.

“போன மாசம் எந்தப் பக்கம்டி திருப்பின?”

“வலது.”

அக்கா டப்பாவைக் கீழே வைத்தாள்.

“அப்ப, ஏத்தத்துலதான் வெக்க நெனச்சே.”

“ஆமாக்கா.”

“ஒரு மாசமா ஏன் சொல்லல?”

“நீ ரெண்டாவது தடவ சோறு போட்டுக்கிட்ட.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கப் பார்த்ததில் கண் கலங்கியது.

“அந்த ஏழு கவுண்டர்ல நாலு தண்டம்தான். என்னுதயும் சேத்துத்தான்னே வெச்சுக்கோ. எனக்கே தெரியும். ஆனா மூடினவங்க, என்னை எங்க உக்கார வெக்கறதுன்னு யோசிக்கவே இல்லையேடி. அதுக்கு உன் முள்ளுல எடம் இருக்கா?”

மீட்டர் கைப்பிடியை விட்டுவிட்டாள். அந்த முள்ளை நான்தான் செய்தேன், ஒன்றே ஒன்று என்று.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படிப்பக்கம் திரும்பினாள்.

“உள்ள நின்னு வெச்சா இப்பிடித்தான் ஆகும். நான் கீழ போறேன். நீ மெதுவாத் திருப்பு. எங்க நிக்கணுமோ, அங்க நான் கை தூக்கறேன்.”

“நீ எங்கக்கா தூக்குவே?”

“அதான் எனக்கும் தெரியல. பாத்துட்டுத்தான்.”

6

அக்கா இப்போது தெருவில் நிற்கிறாள். ரொட்டிக்கடைக்காரர் மாவுக் கையோடு வந்து அவள் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்க்கிறார். என்ன விஷயம் என்று இன்னும் சிலர் சேர்கிறார்கள். மேலே மீட்டர் கைப்பிடியை இடப்பக்கமாகத் தள்ளுகிறாள். துருப்பிடித்த அச்சுத்தண்டு முனகுகிறது. முள் ‘சரிவை’ விட்டு அசைகிறது.

வட்ட ஜன்னலின் கண்ணாடியில் பல வருட அழுக்கு. அதன் வழியே அவளுக்கு முகங்கள் தெரியாது. கை தூக்கினால் மட்டும் தெரியும். யாருடைய கை என்று தெரியாது.

ஆகவே நீங்களும் வாருங்கள், கை தூக்க. ரொட்டிக்கடைக்காரர் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுவார். அக்கா இன்னும் கையைத் தூக்கவில்லை. முள் நகர்ந்துகொண்டிருக்கிறது.