முன்னூறு தொப்பிகள்

நகராட்சி வரிப்பிரிவில் அவளுக்குச் சல்லடை என்று பட்டப்பெயர். அவள் பார்த்த கோப்பில் ஒரு தப்பு மிஞ்சியிருந்தால் அன்றைக்கு மழை கொட்டும் என்பார்கள்.

அந்தப் பெரிய ஆலை ஊருக்குச் சும்மா வந்துவிடவில்லை. பத்து வருஷம் வரியே வேண்டாம், வந்தால் போதும் என்று நகராட்சி கெஞ்சிக் கூத்தாடித்தான் வந்தது. பதிலுக்கு ஒரே நிபந்தனை. உள்ளூர்க்காரர்கள் முன்னூறு பேருக்கு வேலை தரணும். ஆள் குறைந்தால் திரும்பச் சேர்க்கணும், இல்லையா, வரி முழுசையும் கட்டணும். வருஷத்துக்கு ஒருதரம் போய் எண்ணுவது சல்லடையின் பொறுப்பு.

மூன்று ஷிப்டில் வந்து போகிறவர்களை எப்படி எண்ணுவது? அதற்கும் வழி கண்டுபிடித்தது அவள்தான். விடுமுறை நாளில் எல்லாருடைய பாதுகாப்புத் தொப்பியும் பேர் எழுதி வாசல் கூடத்து ஆணிகளில் தொங்கும். தொப்பியை எண்ணினால் ஆளை எண்ணின மாதிரிதானே! ஆணையரே கூப்பிட்டுப் பாராட்டினார். பொல்லாத மூளை!

இந்த வருஷமும் போனாள், எண்ணினாள். இருநூற்றுப் பன்னிரண்டாவது தொப்பி அவள் தம்பியுடையது. அப்பா அம்மா போனபின் அவள் தூக்கி வளர்த்த தம்பி. அவள் மகள் மாமாவுக்காக ஒட்டிவிட்ட பட்டாம்பூச்சிப் படம் இன்னும் அதில் இருந்தது. மேலே ஒரு விரல் தூசி. "சோம்பேறிக் கழுதை" என்று செல்லமாகத் திட்டிக்கொண்டே கைக்குட்டையால் துடைத்து மாட்டினாள். மொத்தம் முன்னூறு. கையெழுத்துப் போட்டாள். அடுத்த வாரமே மன்றம் கூடி ஆலைக்கு இன்னும் ஐந்து வருஷம் வரிச்சலுகை கொடுத்தது.

அதற்கு அடுத்த மாதம், தற்காலிகத் துப்புரவு வேலைக்கு வந்த மனுக்களைச் சரிபார்க்கும்போது ஒரு மனுவில் தம்பியின் முகம். கூடவே ஆலை கொடுத்த விடுவிப்புக் கடிதம். தேதி எட்டு மாதத்துக்கு முந்தியது. மனுவை உருவி எடுத்துக்கொண்டாள்.

ஆபீசிலிருந்து நேரே அவன் வீட்டுக்குப் போனாள். அவன் அப்போதுதான் சாப்பாட்டுப் பையோடு, வேலைக்குப் போய்வந்தவன் மாதிரியே உள்ளே நுழைந்தான். அவள் கையில் மனுவைப் பார்த்ததும் நடையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"ஏன்டா சொல்லல?"

"எண்பத்தேழு பேரை ஒரே நாள்ல அனுப்பினாங்கக்கா. தொப்பியை மட்டும் மாட்டிட்டுப் போங்கன்னாங்க. எதுக்குன்னு அப்பவே புரிஞ்சுபோச்சு."

"பாவி, அன்னைக்கே வந்து சொல்லியிருந்தா..."

"சொன்னா, தம்பிக்காகப் பண்ணினாள்னு உன்னை நாறடிச்சிருப்பாங்க. நீயா கண்டுபிடிக்கணும்னுதான் வாயை மூடிட்டிருந்தேன். எங்கக்கா எண்ண வருவா, வெறும் தொப்பிக்கு ஏமாற மாட்டா, நம்மளைத் திரும்பக் கூப்பிட்டே ஆகணும்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருந்தேன். உன்னை நம்பித்தான் பாதிப் பேர் ஊரைவிட்டுப் போகாம இருந்தாங்க."

எண்ணி ஒப்புக்கொண்ட கணக்கை மறுபடி கிளறக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆலைக்காரர்கள் கேட்டார்கள் என்று அந்த வாக்கியத்தை எழுதிக் கொடுத்தவளும் அவள்தான். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அதைச் சொல்வாள்? அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போகட்டும் விடுக்கா" என்றான் தம்பி. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான். "மாசக்கணக்கா யாரும் தொடாத தொப்பி. தூசியாவது உன் கண்ணுல படும்னு நெனச்சேன். படலையா?"

அவள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பட்டுச்சுடா" என்றாள். "துடைச்சு வச்சிட்டு வந்தேன்."